இரண்டு வயதுப் பார்வையாளர்

‘ஃபைண்டிங் நீமோ’ ஓடத் தொடங்கி 4 நிமிடம் 3 வினாடியில் நீமோவின் தாயைப் பாரகுடா மீன் தின்றுவிடுகிறது. ‘டார்ஸன்’ படத்தில் 4 நிமிடம் 8 வினாடியில் நாயகனின் பெற்றோர் சிறுத்தைக்கு இரையாகிறார்கள். கடிகாரத்தைப் பார்த்து இதையெல்லாம் குறித்துவைத்தவர்கள் கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் கோல்மனும் அவருடைய சகாக்களும். 1937-இல் வந்த ‘ஸ்னோ ஒயிட்’ முதல் 2013-இல் வந்த ‘ஃப்ரோஸன்’ வரை, வசூலில் முன்னணியில் நின்ற 45 குழந்தைகள் அனிமேஷன் படங்களை எடுத்துக்கொண்டு, அதே காலத்தில் பெரியவர்களுக்காக வந்த 90 படங்களோடு அவர்கள் ஒப்பிட்டார்கள். முக்கியப் பாத்திரம் சாகும் வாய்ப்பு கார்ட்டூன் படத்தில்தான் இரண்டரை மடங்கு அதிகம் என்று தெரிந்தது. 2014 டிசம்பரில் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ கிறிஸ்துமஸ் இதழில் அந்த ஆய்வு வெளியானது. அந்த இதழ் ஆண்டுதோறும் கொஞ்சம் குறும்பான ஆய்வுகளுக்கு இடம் கொடுக்கும். கணக்கு மட்டும் குறும்பானதல்ல.

இதைப் படிக்கும் பெற்றோர் முதலில் செய்வது, வீட்டில் இருக்கும் படங்களில் யார் யார் சாகிறார்கள் என்று யோசித்துப் பார்ப்பது. நியாயம்தான். ஆனால் பார்க்கப்போவது இரண்டு வயதுக் குழந்தை என்றால், அந்தக் கவலை கொஞ்சம் இடம் மாறி விழுகிறது. இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பது பெரும்பாலான பிள்ளைகளின் மனதில் ஐந்து முதல் ஏழு வயதுக்குள்தான் படிகிறது. தவிர, நீமோவின் தாய் சாவது திரையில் காட்டப்படுவதே இல்லை. அப்பா மீன் அடிபட்டு மயங்குகிறது. விழித்துப் பார்த்தால் மனைவியும் இல்லை, முட்டைகளும் இல்லை, ஒன்றே ஒன்றைத் தவிர. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குத் தொண்டை அடைக்கிறது. மடியில் இருக்கும் குழந்தை கண்டது வேறு: நீலக் கடல் சட்டென்று கறுத்தது, பல் நிறைந்த ஒரு வாய் திரையை நோக்கிப் பாய்ந்தது, எங்கிருந்தோ பெரிய சத்தம் வந்தது. அதே படத்தில் ரத்த வாடை பட்டதும் சுறா புரூஸின் கண் கறுத்து அது துரத்தத் தொடங்கும் காட்சியில் யாருமே சாகவில்லை. இரண்டு வயதுக்கு அந்தக் காட்சிதான் பெரிய சோதனை.

குழந்தைகள் திரையைப் பார்த்து எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதையே வாழ்நாள் ஆராய்ச்சியாக வைத்துக்கொண்டவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோன் கேன்டர். எண்பதுகளில் ‘தி இன்க்ரெடிபிள் ஹல்க்’ என்ற தொலைக்காட்சித் தொடரை வைத்து அவர் ஓர் ஆய்வு செய்தார். நல்ல மனிதர் ஒருவர் கோபம் வந்தால் பச்சை நிறப் பூதமாக மாறி, ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றும் கதை அது. சற்றுப் பெரிய பிள்ளைகள் ஆபத்தைக் கண்டு பதறினார்கள். பூதம் வந்ததும் ஆறுதல் அடைந்தார்கள். மூன்று முதல் ஐந்து வயதுக்காரர்களுக்கு எல்லாம் தலைகீழ். பூதம் வந்த பிறகுதான் அவர்கள் நடுங்கினார்கள். காப்பாற்ற வந்தவன் என்பது கதையைக் கோத்துப் பார்த்தால்தான் தெரியும். பச்சை முகம் உடனே தெரியும்.

1985-இல் சிந்தியா ஹாஃப்னரோடு சேர்ந்து செய்த இன்னொரு சோதனையில் கேன்டர் இதை இன்னும் துல்லியமாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு கிழவியைப் பற்றிய வீடியோ, நான்கு வடிவங்களில்: அழகான கிழவி அன்பாக இருக்கிறாள், அழகானவள் கொடுமை செய்கிறாள், அவலட்சணமானவள் அன்பாக இருக்கிறாள், அவலட்சணமானவள் கொடுமை செய்கிறாள். அவள் நல்லவளா கெட்டவளா என்று கேட்டால், வயது குறையக் குறையப் பிள்ளைகள் தோற்றத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொன்னார்கள். நடத்தையைப் பார்த்து எடைபோடும் பழக்கம் வயதோடுதான் வந்தது.

இதனால் ‘நல்ல கருத்துள்ள படம்’ என்ற அளவுகோல் மூன்று வயதுக்குள் அவ்வளவாக உதவாது. தோற்றத்தைப் பார்த்து யாரையும் எடைபோடக் கூடாது என்று சொல்லும் படத்தில் அந்தத் தோற்றம்தான் முதலில் வந்து நிற்கும். கருத்து கடைசிக் காட்சியில்தான் வரும். அதுவரை குழந்தை சோபாவில் இருக்க வேண்டுமே.

பயத்துக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. குழந்தைக்குப் படம் புரிகிறதா?

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஆண்டர்சன் குழுவைச் சேர்ந்த டிஃபனி பெம்பெக் இதற்குத் தேர்ந்தெடுத்தது ‘டெலிடப்பீஸ்’. பிபிசியில் 1997 முதல் வந்த, வயிற்றில் திரை பொருத்திய நான்கு உருவங்கள் கொண்ட நிகழ்ச்சி. 6, 12, 18, 24 மாதக் குழந்தைகளுக்கு அதைச் சில விதமாகப் போட்டுக் காட்டினார்கள். ஒன்று உள்ளபடி. இன்னொன்றில் காட்சித் துண்டுகளை வெட்டி வரிசையைக் கலைத்திருந்தார்கள். மற்றொன்றில் பேச்சைப் பின்னோக்கி ஓட்டியிருந்தார்கள். ஒன்றரை வயதும் இரண்டு வயதும் ஆன குழந்தைகள் உள்ளபடி வந்ததை அதிக நேரம் பார்த்தார்கள். கலைந்ததில் கவனம் சிதறியது. ஆறு மாதக் குழந்தைக்கும் ஒரு வயதுக் குழந்தைக்கும் எந்த வேறுபாடும் இல்லை. அர்த்தமுள்ள படத்தையும் அர்த்தமில்லாத படத்தையும் அவர்கள் ஒரே மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

‘எங்க பாப்பா கண்கொட்டாமப் பாக்குது’ என்று பெருமையாகச் சொல்வதை இந்த இடத்தில் நிறுத்திவைத்து யோசிக்கலாம். நிறம் மாறினால், சத்தம் எழுந்தால், ஏதேனும் அசைந்தால் தலை அந்தப் பக்கம் திரும்புவது பிறவியிலேயே வருவது. காட்சி வேகமாக மாறும் படம் அந்த அனிச்சையை வினாடிக்கு வினாடி தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கும். அதில் கண் நிலைகுத்தி நிற்பதும், கதையைப் பின்தொடர்ந்து நிற்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே தெரியும்.

புரிந்தாலும் அது திரைக்கு வெளியே வருமா என்பது அடுத்த சிக்கல். ஜார்ஜீன் ட்ரோசத், ஜூடி டிலோச் இருவரும் 1998-இல் வெளியிட்ட சோதனையில் பக்கத்து அறையில் ஒரு பொம்மையை ஒளித்துவைப்பதைக் குழந்தை பார்க்கிறது. சன்னல் வழியாகப் பார்த்த இரண்டு வயதுக் குழந்தைகள் நேராகப் போய் எடுத்துவிட்டார்கள். அதையே டிவியில் பார்த்தவர்கள் பாதிக்கும் மேற்பட்ட தடவை தவறவிட்டார்கள். இரண்டரை வயதில் பெரும்பாலும் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்னும் சுவையான பகுதி, ஆராய்ச்சியாளர்கள் செய்த தந்திரம்: டிவியைச் சன்னலுக்குப் பின்னால் மறைத்துவைத்து, நேரில் பார்ப்பதாகவே குழந்தையை நம்பவைத்தார்கள். உடனே இரண்டு வயதுக்காரர்களும் முன்பைவிட நன்றாகவே கண்டுபிடித்தார்கள். கண்ணிலோ நினைவிலோ குறையில்லை. திரையில் தெரிவதற்கும் இந்த அறைக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்பதுதான் அவர்களுக்கு எட்டவில்லை. ஆண்டர்சனும் பெம்பெக்கும் 2005-இல் இதற்கு ‘வீடியோ குறைபாடு’ என்று பெயர் வைத்தார்கள்.

இந்தக் குறைபாடு தெரியாமல், அல்லது தெரிந்தும், ஒரு சந்தையே வளர்ந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் அமெரிக்காவில் தொடங்கிய ‘பேபி ஐன்ஸ்டைன்’ வீடியோக்களை 2001-இல் டிஸ்னி வாங்கியது. கைக்குழந்தைக்கான பாடம் என்ற தோரணையில் அவை விற்றன. குழந்தைகள் நல அமைப்பு ஒன்றின் தொடர்ந்த புகார்களுக்குப் பிறகு 2009-இல் டிஸ்னி வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது.

ஒன்றரை வயதுக்கு முன் படம் காட்டுவதில் குழந்தைக்குக் கிடைப்பது அநேகமாக எதுவும் இல்லை. சமைக்க, குளிக்க, பதினைந்து நிமிடம் கண்ணை மூட, பெற்றோருக்கு அது கிடைக்கிறது. அதைக் குற்றமாக்க வேண்டியதில்லை. குழந்தையின் கல்வி என்று பெயர் சூட்டாமல் இருந்தால் போதும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன வரம்பும் இதையொட்டியதுதான்: இரண்டு வயதுக்கு முன் வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2021 பரிந்துரையும் ஏறக்குறைய இதே அளவுதான். தூரத்தில் இருக்கும் தாத்தா பாட்டியோடு எப்போதாவது வீடியோவில் பேசுவதற்கு மட்டும் அதில் விலக்கு உண்டு.

ஒரு மணி நேரம் என்ற அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், திரையரங்குக்காக எடுக்கப்பட்ட முழுநீள அனிமேஷன் படம் அநேகமாக எதுவும் இரண்டு வயதின் ஒரு நாளுக்குள் அடங்காது. 2011-இல் வந்த ‘வின்னி த பூ’ 63 நிமிடம்; அதுவே குட்டிப் படம்.

வேகத்துக்கு வருவோம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஏஞ்சலின் லில்லர்ட் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் நான்கு வயதுப் பிள்ளைகள் 60 பேர். ஒரு பிரிவுக்கு ‘ஸ்பாஞ்ச்பாப்’ ஒன்பது நிமிடம். இன்னொரு பிரிவுக்கு ஒரு சிறுவனின் அன்றாட வாழ்க்கையைக் காட்டும் நிதானமான கார்ட்டூன். மூன்றாம் பிரிவுக்குக் காகிதமும் கிரேயானும். முதலாவதில் சராசரியாக 11 வினாடிக்கு ஒருமுறை இடமே மாறியது. இரண்டாவதில் 34 வினாடிக்கு ஒருமுறை. உடனே கொடுத்த சோதனைகளில், அதாவது சொன்னதை நினைவில் வைத்துச் செய்வது, தின்பண்டத்துக்குக் காத்திருப்பது போன்றவற்றில், ஸ்பாஞ்ச்பாப் பார்த்தவர்கள் பின்தங்கினார்கள். அந்த நிகழ்ச்சி ஆறு முதல் பதினொரு வயதுக்கானது, நான்கு வயதுக்கல்ல என்று அதை ஒளிபரப்பும் நிக்கலோடியன் சொன்னது. தற்காப்புக்காகச் சொன்னதுதான், இருந்தாலும் பெற்றோர் எழுதிவைத்துக்கொள்ள வேண்டிய தகவல்.

2015-இல் லில்லர்ட் குழு மறுபடியும் பார்த்தபோது, வேகத்தைவிட நடக்க முடியாத சம்பவங்கள்தான் மூளையைக் களைப்பாக்குகின்றன என்ற முடிவுக்கு வந்தது. பொருள் கீழே விழும், கதவுக்கு அப்பால் அறை இருக்கும், அழுத்தினால் நசுங்கும் என்று உலகின் விதிகளை இப்போதுதான் ஒரு குழந்தை சேகரித்துக்கொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு நான்குமுறை அந்த விதிகளை உடைக்கும் படத்தில் ஒவ்வொரு முறையும் அது திகைத்து நிற்க வேண்டியிருக்கும். பேசும் முயல் இருக்கலாம், தவறில்லை. அந்த முயல் கதவைத் திறந்துதான் வெளியே போக வேண்டும்.

சான்றிதழை நம்பலாமா? இந்தியத் தணிக்கை வாரியத்தின் ‘யு’ என்பது எல்லோரும் பார்க்கலாம் என்று சொல்கிறதே தவிர, தவழ்ந்து முடித்த குழந்தைக்கு உகந்தது என்று சொல்வதில்லை. 2023-இல் திருத்தப்பட்ட சட்டம் ‘யுஏ’வை 7, 13, 16 என மூன்று வயதுகளாகப் பிரித்தது, ஏழுக்குக் கீழே பிரிவே இல்லை. பிரிட்டனின் ‘யு’ நான்கு வயதையும் அதற்கு மேலும் மனதில் வைத்துத் தரப்படுவது. அதுவும் வழுக்கும். முயல்களைப் பற்றிய ‘வாட்டர்ஷிப் டவுன்’ 1978-இல் அங்கே ‘யு’ வாங்கியது. முயல்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும் ரத்தக் காட்சிகளுள்ள படம் அது. கார்ட்டூன்தானே என்று குழந்தையைக் கூட்டிப்போன பெற்றோர் பல தலைமுறைகளாக வருந்தினார்கள். நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான் அது ‘பிஜி’ ஆனது. 1937 முதல் 1999 வரை வெளியாகி அமெரிக்காவில் ‘ஜி’ சான்றிதழ் பெற்ற 74 அனிமேஷன் படங்களை ஃபூமி யோகோட்டாவும் கிம்பர்லி தாம்ஸனும் எண்ணிப் பார்த்தபோது, அடிதடி ஒருமுறைகூட இல்லாத படம் ஒன்றுமே அகப்படவில்லை.

எனவே சான்றிதழையும் போஸ்டரையும் விட்டுவிட்டுப் படத்தையே பார்க்க வேண்டும். முதலில் பெரியவர் தனியாக. முழுப் படத்துக்கும் நேரமில்லையென்றால் நடுவில் ஐந்து நிமிடமும் முடிவுக்கு முந்தைய கால் மணி நேரமும் போதும். பூதம், புயல், தீ, துரத்தல் எல்லாம் வழக்கமாக அங்கேதான் குடியிருக்கும். ஒலியை முழுவதும் அடைத்துவிட்டு இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை. பேச்சு இல்லாமலே யார் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தால், இரண்டு வயதுக்கும் ஓரளவு தெரியும்.

பேச்சே தேவைப்படாத படங்களின் மரபு ஒன்று ஐரோப்பாவில் உண்டு. செக் ஓவியர் ஸ்டெனெக் மிலர் 1957-இல் தொடங்கிய குட்டி அகழெலிப் படங்களில், போகப்போக வசனத்தைக் கைவிட்டுச் சிரிப்பும் வியப்பொலியும் மட்டும் வைத்தார். அவற்றுக்குக் குரல் கொடுத்தவர்கள் அவருடைய மகள்கள். 1990-இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ‘பிங்கு’ பேசுவது எந்த நாட்டிலும் இல்லாத ஒரு பென்குயின் மொழி. ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். 1982-இல் வந்த பிரிட்டிஷ் படம் ‘தி ஸ்னோமேன்’ 26 நிமிடம். கதைக்குள் நடுவில் ஒரு பாட்டைத் தவிரப் பேச்சில்லை. (முடிவில் பனிமனிதன் உருகிவிடுகிறான். இரண்டு வயதுக்கு அது ஒன்றுமில்லை. ஐந்து வயது அக்கா இருந்தால் அவள் அழுவாள்.) இந்தப் படங்களில் தமிழ் வீட்டுக்கு ஒரு வசதி உண்டு. மொழிமாற்றக் குரலின் அவசரத் தமிழையோ புரியாத ஆங்கிலத்தையோ காதில் வாங்காமல், பக்கத்தில் இருப்பவரே கதையைச் சொல்லலாம். மொழி மனிதரிடமிருந்துதான் வருகிறது என்பதற்குச் சான்றும் இருக்கிறது. பட்ரீஷியா கூல் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசும் ஆசிரியர்கள் பன்னிரண்டு முறை நேரில் விளையாட்டும் கதையும் காட்டியபோது அவர்கள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். அதே ஆசிரியர்களை வீடியோவில் பார்த்தவர்களுக்குப் பலன் பூஜ்யம்.

கொஞ்சம் வளர்ந்த பிறகு, பக்கத்தில் இருப்பவர் என்ன பேசுகிறார் என்பதும் கணக்கில் வருகிறது. ட்ரோசத்தும் கேப்ரியல் ஸ்ட்ராவ்ஸும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் கதை வீடியோவை நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டபோது பிள்ளைகளின் சொல்வளமும் கதை புரிதலும் கூடின. வெறுமனே உடன் உட்கார்ந்திருந்து போனைத் தடவுவது இந்தக் கணக்கில் வராது.

‘ப்ளூஸ் க்ளூஸ்’ என்ற அமெரிக்க நிகழ்ச்சி 1996-இல் இதையே திரைக்குள் கொண்டுவரப் பார்த்தது. தொகுப்பாளர் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும் அளவுக்குச் சும்மா நின்றார். அதைவிடத் துணிச்சலானது, திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே அத்தியாயத்தை ஐந்து நாளும் ஒளிபரப்பியது. சானல்காரர்களுக்கு இது தற்கொலையாகத் தோன்றியிருக்கும். பிள்ளைகளோ நாளாக நாளாக இன்னும் உரக்கப் பதில் சொன்னார்கள். புரிதலும் கூடியதை ஆண்டர்சன் குழு அளந்து காட்டியது. இன்னும் சிறிய குழந்தைகளிடம் ரேச்சல் பார் 2007-இல் கண்டதும் ஒத்துப்போகிறது: நேரில் காட்டுவதைப்போல இரண்டு மடங்கு தடவை வீடியோவில் காட்டினால், நேரில் பார்த்தவர்கள் அளவுக்கே அவர்களும் பார்த்ததைச் செய்து காட்டினார்கள். நாற்பதாவது முறையாக அதே படத்தைக் கேட்டுக் குழந்தை காலை உதைக்கும்போது, அது தன் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. இதில் பெற்றோருக்கு ஒரு சுயநல விதி உண்டு: தங்களால் நாற்பது முறை தாங்க முடியாத பின்னணி இசையுள்ள படத்தை முதல் முறையே வீட்டுக்குள் விடக் கூடாது.

படத்துக்கு முடிவு உண்டு என்பதும் சாதாரண விஷயமல்ல. உலகெங்கும் குழந்தைகள் பார்க்கும் யூடியூப் பாட்டுச் சானல்களில் ஒன்றான ‘சுச்சு டிவி’ 2013-இல் சென்னையில்தான் பிறந்தது. ஓர் அப்பா தன் மகளுக்காகச் செய்த சின்ன வீடியோவில் தொடங்கியது. ஒரு பாட்டு என்ற அளவில் அது மூன்று நிமிடம். யூடியூபில் அது முடிந்த கணமே அடுத்தது தானாக ஓடும், அதற்கடுத்ததும். ரிமோட்டைப் பிடுங்கும்போது வீடு அதிர்வது பெரும்பாலும் இதனால்தான். பெயர்கள் ஓடி, இசை அடங்கி, திரை கறுத்து முடியும் படம் ‘முடிஞ்சுபோச்சு’ என்று தானே சொல்லிவிடுகிறது.

எவ்வளவு பார்த்துத் தேர்ந்தாலும் ஒருநாள் குழந்தை பயந்து அலறும். ‘அது நெசம் இல்ல, வெறும் படம்’ என்பது பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் எடுபடும். அதற்குக் கீழே எடுபடாது என்று கேன்டர் காட்டியிருக்கிறார். மழலையர் தங்களுக்கு உதவுவதாகச் சொன்னவை பிடித்த போர்வை அல்லது பொம்மை, ஏதாவது தின்னவோ குடிக்கவோ கிடைப்பது போன்றவை. படத்தை அணைத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் நம் வீடுகளின் பாட்டிகள் ஆய்வு எதுவும் படிக்காமல் செய்துவந்தது.

இத்தனைக்கும் பிறகு முழுநீளப் படம் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் ‘மை நெய்பர் டோடோரோ’. 1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானில் வெளியானபோது, போரில் அநாதையான அண்ணனும் தங்கையும் பட்டினியில் வாடும் ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்’ படத்தோடு சேர்த்து ஒரே டிக்கெட்டில் திரையிட்டார்கள். அது குழந்தைகள் பக்கமே வரக் கூடாத படம். டோடோரோவில் வில்லனே கிடையாது. நான்கு வயது மெய்யும் அவள் அக்காவும் கிராமத்து வீட்டுக்குக் குடிவருகிறார்கள், மரத்துக்குள் தூங்கும் ஒரு பெரிய ரோமப் பிராணியைக் காண்கிறார்கள், அவ்வளவுதான். டோடோரோ வாயைத் திறந்து கர்ஜிக்கும் காட்சியில் அதன் வயிற்றின் மேல் படுத்திருக்கும் மெய் பயப்படவில்லை. பார்க்கும் குழந்தை அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது.

86 நிமிடத்தையும் ஒரே மூச்சில் காட்ட வேண்டியதில்லை. புது வீட்டில் கரித்தூள் உருண்டைகள் சுவருக்குள் ஓடி ஒளிவது வரை ஒரு நாள். புதருக்குள் தவழ்ந்து மெய் டோடோரோவிடம் போய்ச் சேருவது இன்னொரு நாள். மழையில் பேருந்து நிறுத்தத்தில் டோடோரோவுக்குக் குடை கொடுப்பது மூன்றாம் நாள். பூனைப் பேருந்தின் கண்விளக்கு இருட்டில் திடீரென்று வரும், அப்போது மட்டும் பக்கத்தில் ஆள் வேண்டும். விதைகள் முளைத்து ஒரே இரவில் காடாக எழும் காட்சி நான்காம் நாள். ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வருவது, மெய் காணாமல் போவது, குளத்தில் ஒரு சின்னச் செருப்பு கிடைப்பது என்று போகும் கடைசிப் பகுதியை நான்கு வயது வரை தள்ளிவைக்கலாம். அதற்குள் முதல் நான்கு பகுதிகளும் மனப்பாடம் ஆகியிருக்கும்.